விட்டுப்போன வீடுகளைத் தேடி: கோசிக் கரையில் போலியோ சுற்று நடத்தியதில் கற்றவை

போலியோ சொட்டு மருந்து என்றால் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வரும். அங்கன்வாடி வாசலில் ஒரு மேசை, மேலே பேனர், பக்கத்தில் ஐஸ் பெட்டி, இடுப்பில் குழந்தையோடு வரும் அம்மாக்கள். மத்தியானத்துக்குள் முக்கால்வாசிக் குழந்தைகள் வந்து போய்விடும். இந்தப் பழக்கத்தோடுதான் 2009இல் பீகாரின் கோசி நதிப் பகுதியில் ஒரு பிளாக்கின் (நம் ஊர் ஒன்றியம் மாதிரி) சுற்றை ஒருங்கிணைக்கப் போனேன். சுற்று என்றால் ஒரு பகுதியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் சில நாளில் சொட்டு மருந்து கொடுத்து முடிப்பது. தமிழ்நாட்டில் கடைசியாகப் போலியோ வந்தது 2004இல். 2009இல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்கு வந்தது, உலகத்தில் அந்த வருடம் பதிவானதில் கிட்டத்தட்டப் பாதி. அதில் பெரும்பங்கு உத்தரப் பிரதேசமும் பீகாரும். உத்தரப் பிரதேசத்தில் 66, பீகாரில் 41 என்று மொத்தம் 107 பிளாக்குகளைப் பிரித்தெடுத்து, வைரஸ் இங்கேதான் வேர்விட்டிருக்கிறது, இங்கே பிடுங்கினால்தான் போகும் என்று முடிவு செய்திருந்த காலம். அப்படி ஒரு இடத்தில் முதல் இரண்டு சுற்றை நான் சரியாக நடத்தவில்லை. வேலை தெரியாமல் இல்லை. எது வேலை என்பதே தெரியவில்லை. இன்றைக்கு வேறு நாடுகளுக்கு இதே வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்ததையெல்லாம் அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் தப்பு மைக்ரோ பிளானில். ஒவ்வொரு டீமும் எந்த நாள், எந்த வீட்டில் தொடங்கி எந்த வீட்டில் முடிக்கும், வழியில் அடையாளம் என்ன, மொத்தம் எத்தனை வீடு என்று எழுதிய தாள்தான் மைக்ரோ பிளான். போனதும் ஒரு தடிமனான ஃபைலைக் கையில் கொடுத்தார்கள். அழகாக டைப் செய்திருந்தது, நம்பிவிட்டேன். அது பழைய சுற்றின் நகல், அதற்கு முந்தைய சுற்றின் நகலிலிருந்து எடுத்தது. கோசி சும்மா இருக்கிற நதி இல்லை. 2008 ஆகஸ்ட் 18ஆம் தேதி நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் கரையை உடைத்துக்கொண்டு பழைய தடத்தில் ஓடியது. அந்த மாதிரிப் பேரழிவு வராத வருடத்திலும் இரண்டு கரைகளுக்கு நடுவில் மணல்திட்டுகளில் இருக்கிற ஊர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வந்தால் கரைமேல் ஏறிக் குடிசை போடுவார்கள், வடிந்தால் வேறு திட்டில் இறங்குவார்கள். வயலுக்கு நடுவில் ‘பாசா’ என்று ஒரு குடில் போட்டு, மாட்டோடும் குழந்தைகளோடும் மாதக்கணக்கில் அங்கேயே இருப்பார்கள். என் ஃபைலில் ஒரு பாசாகூட இல்லை.

அதனால் முதல் பாடம்: சுற்றுக்கு முன்னால் பிளானை எடுத்துக்கொண்டு காலால் நடக்க வேண்டும். மொத்தத்தையும் ஒருவரே நடக்க முடியாது. சூப்பர்வைசர் ஒவ்வொருவரும் தன் டீம்களின் பகுதியை நடக்க வேண்டும், ஒருங்கிணைப்பவர் எல்லைகளை மட்டும் நடக்க வேண்டும். வீடுகள் விட்டுப்போவது ஊரின் நடுவில் இல்லை, ஒரு டீமின் கடைசி வீட்டுக்கும் அடுத்த டீமின் முதல் வீட்டுக்கும் நடுவில்தான். ஒரு தாளில் ‘அரசமரத்திலிருந்து அடிபம்பு வரை’ என்று இருந்தது, அடுத்த டீமின் தாளில் ‘அடிபம்பிலிருந்து மசூதி வரை’. படித்தால் இடைவெளியே தெரியாது. போய்ப் பார்த்தால் அந்தத் தெருவில் அடிபம்பு இரண்டு. முதல் பம்புக்கும் இரண்டாவது பம்புக்கும் நடுவில் பதினாலு வீடு. இரண்டு டீமும் அது மற்றவர் பகுதி என்று நினைத்துக்கொண்டிருந்தது, எத்தனை சுற்றாக என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மரம், பம்பு, கோயில் என்று எழுதினால் போதாது. தொடங்கும் வீடு, முடிக்கும் வீடு இரண்டுக்கும் குடும்பத் தலைவர் பெயர் எழுதுங்கள். மாவட்ட எல்லை, பிளாக் எல்லை வருகிற இடத்தில் பக்கத்து பிளாக் ஆட்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு நடங்கள். இதை நான் முதல் சுற்றுக்கு முன் செய்யவில்லை. இரண்டாவதற்கு முன் செய்ய ஒரு வாரம் முழுசாகப் போனது, போனதற்கு வருத்தமே இல்லை.

அடுத்தது மருந்துக் கணக்கு. இது சுலபம், ஆனால் தவறினால் சுற்றே நின்றுவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 30,000 என்று வையுங்கள். வீணாவதற்குப் பத்து சதவீதம் ஒதுக்கி 1.11ஆல் பெருக்கினால் 33,300 டோஸ். ஒரு குப்பியில் 20 டோஸ், ஆக 1,665 குப்பி. ஒரு குழந்தைக்கு இரண்டு சொட்டு. குப்பி வந்ததும் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் சொட்டுக் குழாயையும் தனியாக எண்ணுங்கள். குழாய் குறைந்திருப்பது கடைசிக் காலையில், டீம் கிளம்பும்போதுதான் தெரியவரும். 30,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வகுத்து எடுத்த எண்ணை நம்பாதீர்கள். போன சுற்றில் எந்த டீம் எத்தனை குழந்தைக்குக் கொடுத்தது, எத்தனை வீட்டில் விட்டது என்ற கணக்கிலிருந்து எடுங்கள்.

என்னைப் படுத்தியெடுத்தது மருந்து இல்லை, ஐஸ் பேக். டீம் மருந்தை எடுத்துப் போகும் பெட்டிதான் வாக்சின் கேரியர். அதற்கு நான்கு ஐஸ் பேக், தண்ணீர் நிரப்பி உறையவைக்கும் பிளாஸ்டிக் பேக். எங்களுக்கு 80 டீம், அப்படியானால் ஒரு காலைக்கு 320 பேக். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்ததோ இரண்டு சின்ன டீப் ஃபிரீசர். எட்டு மணி நேரம் தடையில்லாமல் கரண்ட் இருந்தால் ஒரு சின்ன ஃபிரீசர் ஒரு நாளைக்கு 20, 25 பேக் உறைய வைக்கும். இரண்டும் சேர்ந்தால் ஐம்பது. 320 பேக்குக்கு ஒரு வாரம் வேண்டும், அதுவும் அந்த ஊரில் எட்டு மணி நேரம் கரண்ட் வந்தால். சுற்றுக்கு இரண்டு நாள் முன்னால்தான் நான் இதைக் கணக்குப் போட்டேன். ஃபிரீசரைத் திறந்து பார்த்தால் மேல் வரிசை கல் மாதிரி இருக்கிறது, நடுவில் கிடப்பதைக் குலுக்கினால் தண்ணீர் சத்தம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடைத்தால் எதுவுமே உறையாது. அன்றைக்கு ராத்திரி ஜெனரேட்டருக்கு டீசல், பக்கத்து டவுனில் ஐஸ் ஃபேக்டரிக்கு வண்டி, அங்கே உப்புநீர்த் தொட்டியில் பேக்குகளை இறக்கக் கூலி என்று கைக்காசு எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. ரசீது வாங்கத் தோன்றவில்லை, பணமும் திரும்ப வரவில்லை.

செய்ய வேண்டிய முறை இதுதான். பத்து நாள் முன்னால் தொடங்குங்கள். பேக்கில் தண்ணீரைக் கோடுவரைதான் நிரப்ப வேண்டும். வழிய ஊற்றினால் உறையும்போது வெடிக்கும். மூடி இறுக்கி, தலைகீழாக ஒருமுறை அழுத்திப் பார்த்து ஒழுகுவதை ஒதுக்குங்கள். ஃபிரீசரில் செங்குத்தாக, நடுவில் காற்றுப் போக இடம் விட்டு, ஒரு நாளைக்கு அது தாங்குகிற அளவு மட்டும் போடுங்கள். உறைந்ததை எடுத்து அடியில் அடுக்கிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். இதில் சேமித்த பேக் முதல் காலைக்குத்தான் ஆகும். வீடு வீடாகப் போகும் ஐந்து நாளைக்கும் தினம் 320 வேண்டும் என்பதால் ஐஸ் ஃபேக்டரியோடு எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரண்டு செட் பேக் இருக்க வேண்டும்: ஒன்று ஃபீல்டில், ஒன்று உறைந்துகொண்டு. பேக்கை வெளியில் வைத்துக் கொஞ்சம் உருகவிட்டு எடுக்கும் வழக்கம், உறைந்தால் கெடுகிற ஊசி மருந்துகளுக்கு. போலியோ சொட்டு மருந்து உறைந்தாலும் கெடாது, அதனால் கல் மாதிரி இருக்கிற பேக்கையே நேராக வையுங்கள்.

இந்த மருந்து சூட்டைத் தாங்காது. பெரிய கிடங்கில் மைனஸ் 20 டிகிரியில் இருப்பது அதனால்தான். ஆனால் பயப்படத் தேவையில்லை, குப்பியே பேசும். லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும்வரை மருந்து நல்லது. இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டால், அல்லது சதுரம் கருத்துவிட்டால், குப்பி புதிதாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். டீமுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இதைப் போஸ்டரில் காட்டாதீர்கள், நிஜக் குப்பியைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். அரைகுறையாகக் கருத்த சதுரத்தைப் பார்த்துப் பாதிப் பேர் கெட்டுப்போச்சு என்பார்கள். அது இன்னும் நல்ல மருந்து. இன்னொன்று: ஐஸ் உருகின தண்ணீரில் குப்பி மிதந்தால் லேபிள் ஊறிக் கழன்று வந்துவிடும். லேபிள் போனால் சதுரமும் போச்சு, மருந்து நல்லதா கெட்டதா என்று சொல்ல வழியில்லை. குப்பிகளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கேரியரில் வைக்க வேண்டும். இரண்டு ரூபாய்க் கவர் இல்லாமல் ஒரே நாளில் நாற்பதுக்கு மேல் குப்பியை ஒதுக்க வேண்டி வந்தது. நல்ல மருந்து அத்தனையும்.

சுற்றின் முதல் நாள் பூத் நாள், மேசை போட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பது. அது கண்ணுக்கு நிறைவாக இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சேர்த்து ‘புலாவா டோலி’ என்று குழுக்கள் அமைத்திருப்பார்கள், அழைக்கும் பட்டாளம் என்று வைத்துக்கொள்ளலாம். காகிதத் தொப்பியும் விசிலுமாக அவர்கள் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போய்ச் சின்னப் பிள்ளைகளை இழுத்து வருவார்கள். அதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பூத்துக்கு வருகிறவர்கள் எப்படியும் வருகிறவர்கள். வைரஸ் இருப்பது வராதவர்கள் வீட்டில். அதனால் பூத் நாளுக்கு அடுத்த நாளிலிருந்து வீடு வீடாகப் போவதில்தான் உயிர் இருக்கிறது.

டீமுக்கு இரண்டு பேர். ஒருவராவது அதே ஊர், ஒருவராவது பெண். பெண் இல்லாத டீம் வாசலோடு நின்றுவிடும், உள்ளே தூங்குகிற குழந்தையைப் பார்க்கவே முடியாது. ஒரு நாளைக்கு நூறு வீட்டுக்கு மேல் கொடுத்தால் ஓடுவார்கள். நூறு வீடு என்றாலே ஆறேழு மணி நேரத்தில் வீட்டுக்கு நாலு நிமிடம்தான். “குழந்தை இருக்கா? மருந்து கொடுத்தாச்சா?” என்று கேட்டால் “ஆச்சு” என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்ற வேண்டும். இந்த வீட்டில் எத்தனை அடுப்பு? ஒவ்வொரு அடுப்புக்கும் எத்தனை குழந்தை? புதிதாகப் பிறந்தது உண்டா? விருந்தாளியாக வந்த குழந்தை உண்டா? தூங்குகிறதா, உடம்பு சரியில்லையா, வயலுக்கு எடுத்துப் போயிருக்கிறார்களா? அடுப்புக் கேள்வி மிக முக்கியம். ஒரே முற்றத்தில் நாலு மருமகள்கள், நாலு தனிக் குடும்பம் இருக்கும். வாசலில் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். பிறந்து சில நாள் ஆன குழந்தையை வெளியாள் கண்ணில் காட்டமாட்டார்கள், மருந்து தேவை என்றும் நினைக்கமாட்டார்கள். பிறந்த அன்றைக்கே கொடுக்கலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தாலும் கொடுக்கலாம். பால் குடித்துக்கொண்டிருந்தாலும் கொடுக்கலாம். துப்பிவிட்டால் திரும்பக் கொடுக்கலாம். குப்பியை 45 டிகிரி சாய்த்து, குழாய் வாயில் படாமல் இரண்டு சொட்டு. பட்டுவிட்டால் குழாயை மாற்றுங்கள்.

கொடுத்த பிறகு இடது கைச் சுண்டுவிரலில் மார்க்கர் மை வைக்க வேண்டும், நகமும் தோலும் சேருகிற இடத்தில். காய்வதற்குள் குழந்தை விரலை வாயில் வைத்தால் போய்விடும், பத்து எண்ணும்வரை கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மார்க்கர் மூடியை உடனே மூடாவிட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். வீட்டுச் சுவரில் சாக்பீஸாலோ காவிக்கல்லாலோ குறி போட வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் ஆகிவிட்டால் P, ஒரு குழந்தை விட்டாலும் X, கூடவே டீம் எண், வீட்டு எண், தேதி, அடுத்த வீட்டுக்கு எந்தப் பக்கம் போனார்கள் என்று அம்புக்குறி. குழந்தையே இல்லாத வீட்டுக்கும் குறி உண்டு. தீபாவளிக்கு முன் சுற்று வந்தால் சுண்ணாம்பு அடித்துக் குறியெல்லாம் போய்விடும், அந்தச் சுற்றில் தாளில் எழுதுவதை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள்.

X போட்ட வீட்டுப் பட்டியல்தான் உங்கள் சொத்து. பூட்டியிருந்தது, குழந்தை வெளியே போயிருந்தது, உடம்பு சரியில்லை என்று மறுத்தார்கள், மருந்தே வேண்டாம் என்றார்கள். காரணம் எழுதாமல் X மட்டும் போட்டால் அடுத்து யார் போவது என்று தெரியாது. பூட்டிய வீட்டுக்குச் சாயங்காலம் அதே டீம் திரும்பப் போனால் போதும். மறுத்த வீட்டுக்கு அதே டீமை நாலு முறை அனுப்பினால் நிலைமை மோசமாகும். அங்கே வேறு ஆள் போக வேண்டும். அன்றைக்கே முடியாத வீடுகளை ஆறாம் நாள் போகும் ‘பி டீம்’ எடுத்துக்கொள்ளும்.

சாயங்காலக் கூட்டத்தில் நான் செய்த பெரிய பிசகு, எண்ணிக்கை அதிகமான டீமை முதலில் பாராட்டியது. இரண்டாம் நாளே எல்லாரும் அதிக எண் கொண்டுவந்தார்கள். பிளாக் முழுக்க 104 சதவீதம். நூறுக்கு மேல் வந்தால் மகிழ்ச்சிப்பட ஒன்றுமில்லை, கீழே வகுக்கிற எண் தப்பு என்று அர்த்தம். பிறகு முறையை மாற்றினேன். கூட்டம் தொடங்கியதும் முதலில் X எத்தனை என்றுதான் கேட்பேன். X பூஜ்யம் என்று ஒரு டீம் வந்தால் மறுநாள் காலை நான் போய்ப் பார்க்கும் முதல் டீம் அது. நூறு வீட்டில் ஒரு பூட்டிய வீடுகூட இல்லாத ஊர் கிடையாது. X அதிகமாகக் கொண்டுவரும் டீமைத் திட்டவே கூடாது. ஒருமுறை திட்டினால் மறுநாளிலிருந்து அந்த வீடெல்லாம் P ஆகிவிடும், குழந்தைக்கு மருந்து போய்ச் சேர்ந்திருக்காது.

மை வைத்த விரலையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். மறுக்கிற வீட்டில் சண்டை வேண்டாமென்று டீமே மையை மட்டும் வைத்துவிட்டுப் போவது நடக்கிறது. விரலைப் பார்த்ததோடு நிற்காமல் தனியாக அம்மாவிடம், “என்ன கொடுத்தார்கள், எத்தனை சொட்டு?” என்று கேளுங்கள். இதற்கு ஒழுங்கான முறை உண்டு. ஒரு பகுதியிலிருந்து குலுக்கலில் எடுத்த 60 குழந்தைகளின் விரலை, சுற்றில் வேலை செய்யாத ஆட்களை வைத்துப் பார்ப்பது. மூன்று பேருக்கு மேல் மை இல்லையென்றால் அந்தப் பகுதியில் சுற்று தேறவில்லை. அறிக்கையில் என்ன எண் இருந்தாலும் திரும்பப் போக வேண்டும்.

மறுப்பு பற்றி ஒரு வார்த்தை. மலடாக்கும் மருந்து என்ற வதந்தி உண்மையிலேயே இருந்தது, மேற்கு உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் பக்கம் அதிகம். அதற்கு மௌலவிகளும், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா போன்ற நிறுவனங்களும் துணைக்கு வந்தன. யூனிசெஃப் அமைத்த வலையமைப்பில் ஊர்ப் பெண்களே சில நூறு வீடுகளுக்கு ஒருவராக இருந்து பேசினார்கள். ஆனால் நான் வாசலில் கேட்டதில் பெரும்பாலானவை வதந்தி இல்லை, கோபம். “மாசாமாசம் இதுக்கு மட்டும் கதவு தட்டுறீங்க. சாக்கடை, ரோடு, காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டா ஒருத்தரும் வர்றதில்லை” என்பதுதான். அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதற்கு வாதம் பண்ணக் கூடாது. காய்ச்சல் மாத்திரையும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் கையில் எடுத்துப் போனால் பாதிக் கதவு திறக்கும்.

“ஏற்கெனவே பத்து முறை குடிச்சாச்சே, இன்னும் எத்தனை?” என்ற கேள்விக்கு நேர்மையான பதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணில் ஒரு டோஸ் பிடிக்கிற விகிதம் குறைவு. அடிக்கடி வயிற்றுப்போக்கு, நெருக்கம், அசுத்தமான தண்ணீர். ஏழெட்டு டோஸுக்கு மேல் குடித்த பிள்ளைகளுக்கும் போலியோ வந்திருக்கிறது. மூன்று வகை வைரஸுக்கும் ஒரே மருந்தில் கொடுத்தபோது ஒன்றை ஒன்று அமுக்கியது, அதனால்தான் 2005இல் ஒரு வகைக்கு மட்டுமான மருந்தும், 2010 ஜனவரியில் முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் சேர்ந்த இருவகை மருந்தும் வந்தன. இருவகை மருந்து இந்தியாவில் முதலில் இறங்கியது பீகாரில்தான். அதற்குப் பிறகு எண்ணிக்கை விழுந்த வேகம் எங்களுக்கே நம்பமுடியாததாக இருந்தது: 741இலிருந்து 2010இல் 42.

ஊரைவிட்டு நகர்கிறவர்களைப் பிடிப்பது தனி வேலை. செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம், நாடோடிகளின் கூடாரம், குடிசைப்பகுதி என்று நாலுக்கும் தனிப் பட்டியல் வேண்டும், ஊர்ப் பட்டியலில் அவர்கள் இருக்கமாட்டார்கள். சூளை முதலாளியை முதலில் பாருங்கள். வேலை நேரத்தில் போனால் விடமாட்டார், விடியற்காலை போனால் குழந்தைகள் அங்கேயே இருப்பார்கள். பீகாரின் பெரிய பண்டிகையான சட் பூஜைக்கு பஞ்சாபிலும் டெல்லியிலும் வேலை செய்கிற குடும்பங்கள் ரயில் ரயிலாக பீகாருக்குத் திரும்பும். அப்போது ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் டீம் நிறுத்தினோம், ஓடும் ரயிலில் ஏறியும் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய் ஒரு வாரத்தில் பிடிக்க முடியாத குழந்தைகள் இரண்டே நாளில் பிளாட்பாரத்தில் கிடைத்தார்கள்.

ஆற்றுக்குள் இருக்கிற ஊர்களுக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற திட்டம் போடாதீர்கள். படகு, பிறகு மணலில் நடை, பிறகு இன்னொரு படகு. போய்ச் சேரவே பதினொரு மணி ஆகும். மூன்று மணிக்குப் படகுக்காரர் கூப்பிட ஆரம்பிப்பார். நடுவில் கிடைக்கும் நேரத்தில் கரையோர வீடுகள்தான் ஆகும், உள்ளே இருக்கும் பாசாக்கள் எப்போதும் மிச்சம். முதல் சுற்றில் எங்கள் ஆற்று டீம்கள் அப்படித்தான் திரும்பின. கரைகளுக்கு உள்ளேயே ராத்தங்க இடம் ஏற்பாடு செய்து, அங்கேயே மருந்து வைத்து, அங்கிருந்தே டீமைக் கிளப்பும் முறை வந்த பிறகுதான் அந்த ஊர்கள் வழிக்கு வந்தன. படகு வாடகையை முன்கூட்டி, நாள் கணக்கில் பேசுங்கள், நடை கணக்கில் இல்லை. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள். இரண்டு நாளைக்கான ஐஸுக்குக் கேரியர் போதாது, பெரிய கோல்டு பாக்ஸ் எடுத்துப் போக வேண்டும்.

டீமுக்குச் சேர வேண்டிய படிக்காசைத் தாமதமாக்காதீர்கள். போன சுற்றுப் பணம் வராத பெண் இந்தச் சுற்றுக்கு வரமாட்டார், அல்லது தன் பதினான்கு வயதுப் பெண்ணை அனுப்புவார். அனுபவமுள்ள ஒருவரை இழந்தால் அவர் மனதில் இருக்கும் அத்தனை வீடுகளின் விவரமும் போய்விடும். எனக்கு அப்படி மூன்று பேர் போனார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சுற்று எங்கே, எவ்வளவு பெரிதாக நடத்துவது என்பதைத் தீர்மானிப்பது கண்காணிப்பு. ஒரு குழந்தைக்குக் கால் விழுந்தது என்றால், கிட்டத்தட்ட 200 குழந்தைகளின் குடலில் வைரஸ் புகுந்து ஒருவருக்குத்தான் வெளியே தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அந்த ஒரு ஊரோடு நிற்காமல் மாவட்டம் தாண்டிப் போகிறோம். பதினைந்து வயதுக்குள் யாருக்குத் திடீரென்று கை கால் துவண்டாலும், போலியோ இல்லை என்று டாக்டருக்கே உறுதியாகத் தோன்றினாலும், மல மாதிரி எடுக்க வேண்டும். இரண்டு மாதிரி, 24 மணி நேர இடைவெளியில், துவண்ட நாளிலிருந்து 14 நாளுக்குள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு, ஐஸில் வைத்து லேப்புக்கு. குடும்பம் முதலில் போவது ஆஸ்பத்திரிக்கு இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு வரும் ஊர் வைத்தியர், எலும்பு கட்டுகிறவர், மந்திரிக்கிறவர், இவர்கள் செல்போன் எண்ணெல்லாம் உங்களிடம் இருக்க வேண்டும். அவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள், அவர்கள் சொல்லாமல் 14 நாள் தாண்டிப்போனால் அந்தக் குழந்தைக்கு என்ன வந்தது என்று எவராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி மேற்கு வங்கத்தில் ஹௌரா மாவட்டத்துப் பதினெட்டு மாதப் பெண் குழந்தை, 2011 ஜனவரி 13. 2014 மார்ச் 27இல் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கே போலியோ இல்லை என்ற சான்றிதழ் கிடைத்தது. அதோடு வேலை முடியவில்லை. தடுப்பு மருந்து போய்ச் சேராத இடங்களில் மருந்தின் வைரஸே மாறிப் பரவுவது இப்போது இன்னொரு தலைவலி. 2024 ஆகஸ்டில் காசாவில் 25 வருடத்துக்குப் பிறகு ஒரு பத்து மாதக் குழந்தைக்கு வந்தது அந்த வகைதான். செப்டம்பர் முதல் தேதியே குண்டுகளுக்கு நடுவில் முதல் சுற்றைத் தொடங்கி ஐந்தரை லட்சத்துக்கு மேல் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அங்கே வேலை செய்தவர்களை நினைத்தால் என் ஐஸ் பேக் கஷ்டத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவர்களுக்கும் கேரியர், குப்பி, விரல் மை, விட்டுப்போன கூடாரம் என்று அதே கணக்குத்தான்.

சுற்று முடிந்த மறுநாள் எல்லாரும் தூங்கப் போய்விடுவார்கள். அன்றைக்கு ஒரு வேலையை மட்டும் செய்துவிட்டுப் போங்கள். டீம் தாள்கள் மூட்டை கட்டி மாவட்டத்துக்குப் போவதற்கு முன்னால், X ஆகவே நின்றுவிட்ட வீடுகளையும் புதிதாகப் பிறந்த குழந்தைகளையும் ஒரு நோட்டில் ஊர்வாரியாக எடுத்து எழுதுங்கள். குடும்பத் தலைவர் பெயர், காரணம், எத்தனை குழந்தை. இன்னும் பிரசவம் ஆகாத கர்ப்பிணிகள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்று நாலைந்து வாரத்தில் வரும், அதற்குள் அவர்களில் சிலருக்குக் குழந்தை பிறந்திருக்கும். தாள்கள் ஒருமுறை மாவட்டத்துக்குப் போனால் திரும்ப வராது. என் முதல் சுற்றின் 611 X வீடுகள் அப்படித்தான் போயின. அடுத்த சுற்றில் அந்த 611 வீட்டையும் முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது.